வலைத்தளமும் கடை வாசலே!



நம் இல்லங்களில் சிறு தொழிலை நம்பி வாழ்வோர் மிகப் பலர். ஜவுளிக் கடை, மளிகைக் கடை, உணவகம், பாத்திரக் கடை என்று நாம் வழிவழியாக அறிந்த தொழில்கள் யாவற்றுக்கும் வாசல் தெருவை நோக்கியே இருந்தது. அதிகாலையில் கடை முன்புறத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பெயர்ப் பலகையைத் துடைத்து வைத்தால் பாதி வியாபாரம் ஆனதாக நம் பெரியவர்கள் கருதினார்கள். இன்றோ ஒவ்வொரு கடைக்கும் இரண்டாவது வாசல் ஒன்று திறந்திருக்கிறது. அது கைபேசித் திரையில் இருக்கிறது. தெரு வாசலை நாள்தோறும் பெருக்குகின்ற நாம், இந்த இரண்டாம் வாசலை எந்த நிலையில் வைத்திருக்கிறோம்? அதைப் பற்றியே உங்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் அக்காள் மகன் கொடைக்கானல் மலைச் சாலையில், பெருமாள்மலைக்கு அருகே, கார்களைக் கழுவித் துப்புரவு செய்து மெருகேற்றும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறான். வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் ஒன்றுகூடும் பகுதி அது. அவனுடைய அத்தா காலமான பிறகு, அக்காள் தன் நகைகளை அடகு வைத்துக் கொடுத்த தொகையில்தான் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் பாலிஷ் இயந்திரமும் வாங்கினான். கோடை விடுமுறையில் வேலை ஓரளவுக்கு வரும். மற்ற மாதங்களில் கடை ஓய்ந்து கிடக்கும். அடகுக் கடை வட்டி மட்டும் ஓய்வதில்லை அல்லவா? ஒரு நாள் அவன் என்னிடம், “மாமா, கடையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போய்விடட்டுமா?” என்று கேட்டான். மகனையும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்க வேண்டுமே என்று அக்காள் கலங்கினார். இத்தகைய கலக்கத்தை அறியாத வீடு நம்மிடையே எத்தனை உண்டு?

நான் கணிப்பொறி கற்றவனல்லன். 30 ஆண்டுகள் சிறிய அச்சகம் நடத்தியவன். நோட்டீசுகளும் நிக்காஹ் அழைப்பிதழ்களும் அச்சிட்டுக் கொடுத்தவன். ஓர் அழைப்பிதழில் தங்க எழுத்தும் பூவேலைப்பாடும் எவ்வளவு இருந்தாலும், நாளும் நேரமும் மண்டபமும் விடுபட்டுப்போனால் விருந்தினர் எப்படி வந்து சேர்வார்? அந்த அனுபவம் ஒன்றைத் துணையாகக் கொண்டுதான், “உன் கடைக்கு வலைத்தளம் இருக்கிறதே, அதைக் காட்டு” என்று கேட்டேன்.

திரையில் தெரிந்த கடை

மஃரிபுக்குப் பின் கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்தோம். அவன், அவன் தங்கை, நான் என மூவர். தங்கை திண்டுக்கல்லில் பட்டப்படிப்பு முடித்தவள். கணிப்பொறி வேலை ஓரளவு அறிந்தவள்.

முதலில் வெகுநேரம் வெள்ளைத் திரையே தெரிந்தது. பிறகு அயல்நாட்டுச் சிவப்புக் கார் ஒன்று மின்னிக்கொண்டு வந்தது. அந்தக் காரை இவன் கண்ணால் கண்டதுகூட இல்லை! வெளியூர் நண்பர் ஒருவர் எங்கிருந்தோ எடுத்துப் பொருத்திய படம் அது. அதன்மேல் ‘ஆட்டோ டீட்டெயிலிங் ஸ்டூடியோ’ என்ற ஆங்கில வாசகம். கீழே, கீறல்கள் அனைத்தும் மறையும், வாழ்நாள் முழுதும் பளபளப்பு நீடிக்கும் என்ற பொருளில் சில ஆங்கில வரிகள். கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், என்ன விலை, எவ்வளவு நேரமாகும் என்ற விவரங்கள் இல்லை. தொலைபேசி எண் பக்கத்தின் அடியில் இருந்தது. அதுவும் படத்துக்குள் எழுதப்பட்டிருந்ததால், விரலால் தொட்டால் அழைப்புப் போகவில்லை.

வாசகர்களே, இதை அழகற்ற தளம் என்று சொல்ல இயலாது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாசலை அடைத்து அலங்கார வளைவு கட்டியது போல இருந்தது.

வருகிறவர் யார்?

நோட்டீசு அச்சடிக்கும்போது நான் முதலில் கேட்பது, இதை யார் படிக்கப் போகிறார் என்பதே. அதையே இங்கும் கேட்டேன். மலைக்குக் கார்களில் வருகின்ற குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. பின் இருக்கையில் இருக்கும் குழந்தை வாந்தி எடுத்துவிடுகிறது. காரெல்லாம் நாற்றம், தாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தகப்பனார் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைபேசியை எடுக்கிறார். அவர் ‘டீட்டெயிலிங் ஸ்டூடியோ’ என்றா தேடுவார்? ‘கார் வாஷ்’ என்றோ, நம் ஊர் வழக்கப்படி ‘வாட்டர் வாஷ்’, ‘வாட்டர் சர்வீஸ்’ என்றோதானே தேடுவார்?

அவர் அறிய விரும்புபவையும் மிகச் சிலவே. கடை எவ்வளவு தூரம்? இப்போது திறந்திருக்கிறதா? உட்புறத்தைச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரமாகும், எவ்வளவு பணமாகும்? அதுவரை பெண்களும் குழந்தைகளும் உட்கார நிழல் உண்டா, கழிப்பறை உண்டா? நம்மவர் சிலர், தொழுவதற்கு இடம் உண்டா என்றும் கேட்பார்கள். கடைக்கு நேரில் வந்தோர் தன்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் தாள் நிரம்பிவிட்டது. அந்தத் தாள்தான் புதிய வலைத்தளத்துக்குக் கையெழுத்துப் படியாயிற்று.

கொடைக்கானலுக்கு இன்னொரு சிறப்பு நிலையும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக் காலத்தில், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற வரம்பையும் நீதிமன்றம் விதித்தது. இதனால் தெரிவது என்ன? இந்த மலைக்கு வருகிறவர், ஊரைக் காண்பதற்கு முன்பே கைபேசித் திரையில் ஊரின் வாசலைத் தட்டிவிடுகிறார். வருகின்ற வண்டிகளுக்கு வரம்பு உண்டு என்னும்போது, வந்தவர் கண்ணில் கடை படுவது மேலும் இன்றியமையாததாகிறது.

செய்த திருத்தங்கள்

முதல் வேலையாக அயல்நாட்டுக் காரை இறக்கினோம். இவனே கழுவித் துடைத்த சாதாரணக் கார்களின் படங்களை, வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து வைத்தோம். வண்டி எண் தெரியாதபடி மறைத்தோம். உரிமையாளரின் இசைவையும் பெற்றோம்.

கைபேசியில் எடுக்கும் படம் ஒன்று 4 அல்லது 5 மெகாபைட் கனமிருக்கும். மலைச் சாலையில் சிக்னல் மெலிந்த இடத்தில் அத்தகைய படங்கள் பல திறக்க வேண்டுமென்றால், வாடிக்கையாளர் பொறுமையிழந்து வேறிடம் போய்விடுவார். கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலே அதை 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்கலாம். தங்கை ஓர் இரவில் எல்லாப் படங்களையும் சுருக்கினாள். தானாகச் சுழலும் படங்களையும் நீக்கினாள். பக்கம் உடனே திறந்தது.

தொலைபேசி எண்ணைப் பக்கத்தின் தலைப்பில், தொட்டால் அழைப்புப் போகும்படி வைத்தாள். திறக்கும் நேரம், வார விடுமுறை, வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைத்திருக்கும் நேரம், வழிகாட்டும் வரைபடம் ஆகியவை அதனடியில் வந்தன. வெளிப்புறக் கழுவல், உட்புறத் துப்புரவு, பாலிஷ் என்ற மூன்று வேலைகளுக்கும் விலையும் நேரமும் எழுதப்பட்டன. “விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரர் குறைத்துவிடுவாரே” என்று மருமகன் தயங்கினான். “விலை தெரியாத கடைக்குள் குடும்பஸ்தன் நுழையத் தயங்குவான்” என்றேன். விலை எழுதப்பட்டது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பக்கங்கள் அமைத்தோம். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வரும் ஓட்டுநருக்குத் தமிழும், கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோருக்கு ஆங்கிலமும் பயன்படும். பக்கத்தின் தலைப்பு வரியில் ‘கார் வாட்டர் வாஷ், உட்புறத் துப்புரவு, பெருமாள்மலை, கொடைக்கானல்’ என்று எழுதினோம். தேடுபொறி முதலில் காட்டுவது அந்தத் தலைப்பு வரியையே. அலங்காரச் சொல்லால் நிறைந்த தலைப்பு, தேடுகிறவரின் கண்ணில் படாமலே போய்விடும்.

இன்னொன்றையும் கவனித்தோம். தளத்தின் முகவரி, அதாவது ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கும் அந்தப் பெயர், வடிவமைத்தவர் பெயரில் பதிவாகியிருந்தது. அதை மருமகன் பெயருக்கு மாற்றினோம். கடைப் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதி வைப்போமா? கூகுள் நிறுவனம் வரைபடத்தில் கடைகளை இலவசமாகப் பதிவு செய்துகொள்ள இடந்தருகிறது. அது பெரும் உதவியே. ஆனால் அதே பதிவின் வழியாகச் சிறு கடைக்காரர்கள் அமைத்துக்கொண்ட இலவச வலைத்தளங்களை அந்நிறுவனம் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இலவசத் திண்ணையில் வியாபாரம் செய்யலாம்; அதையே சொந்த வீடு என்று நம்பிவிடலாகாது. வரைபடப் பதிவும் வேண்டும், சொந்த முகவரியும் வேண்டும்.

சொல்லக்கூடாத சொற்கள்

இனி நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். கீறல் அனைத்தும் மறையும் என்ற அந்த வரியை என்ன செய்வது?

காரின் வண்ணப் பூச்சு பல அடுக்குகளால் ஆனது. இரும்புத் தகட்டின்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதன்மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சு. தொழிற்சாலையில் அடிக்கப்படும் அத்தனை அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஏறக்குறைய இரண்டு தலைமுடிகளின் கனம். பாலிஷ் போடுவதென்றால் மேலே உள்ள தெளிபூச்சை மிக மெல்லியதாகச் செதுக்கிச் சமன் செய்வதே. மேலோட்டமான கீறல் அதில் மறையும். நகத்தை வைத்து இழுக்கும்போது நகம் இடறுகின்ற ஆழக் கீறல் பெரும்பாலும் மறையாது. அதற்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். மறையாத கீறலை மறைத்தே தீருவேன் என்று மேலும் மேலும் தேய்த்தால் தெளிபூச்சே போய்விடும்.

செராமிக் கோட்டிங் என்று சொல்லப்படுவதும் அப்படித்தான். பெரும்பாலும் சிலிக்கா சேர்ந்த அந்தப் பூச்சில் தண்ணீரும் அழுக்கும் எளிதில் ஒட்டுவதில்லை. ஆனால் லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. காரைக் கழுவவே வேண்டியதில்லை என்ற நிலையையும் தராது. வாழ்நாள் பளபளப்பு என்பது ஆசைச் சொல்.

இந்த உண்மைகளை மருமகன் நன்கறிவான். கடைக்கு வருவோரிடம் வாயால் நேர்மையாகச் சொல்லவும் செய்வான். திரையில் மட்டும் வேறு வாசகம்! ஆகவே அந்த வரியை அகற்றி, ‘எங்களால் ஆகாதவை’ என்று ஒரு சிறு பகுதியையே எழுதினோம். நகம் இடறும் கீறலைப் பாலிஷ் போக்காது. நெடுநாள் ஊறிய பூஞ்சை நாற்றம் ஒரே நாளில் முழுவதும் போகாது. நெளிவு எடுக்கும் வேலை இங்கே இல்லை. “ஆகாததை எழுதினால் யார் வருவார்கள்?” என்று அவன் கேட்டான். ஆகாததைச் சொல்கிறவன் ஆகும் என்று சொன்னால், அதை நம்புவார்கள் என்றேன்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைக் குற்றமாகக் காண்கிறது. அதைக் கண்காணிக்க 2020இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அமைந்தது. வலைத்தளத்தில் எழுதுவதும் விளம்பரமே என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கிடையே வேறொரு சோதனையும் வந்தது. தொலைபேசியில் அழைத்த ஒருவர், தொகை கொடுத்தால் 100 ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை எழுதித் தருவதாகச் சொன்னார். காரையே பார்க்காதவர்கள் எழுதும் பாராட்டு! மருமகன் மனம் ஊசலாடியது. “எல்லோரும் செய்வதுதானே, மாமா?” என்றான். நான் வாய் திறப்பதற்குள் அக்காள் அடுக்களையிலிருந்து வந்தார். “உன் அத்தா 20 வருடம் மளிகைக் கடை வைத்திருந்தார். தராசுத் தட்டில் ஒரு நாள்கூட விரலை வைத்ததில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. இணையத்தில் வெளியாகும் வாடிக்கையாளர் கருத்துகள் மெய்யானவையாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்தியத் தர அமைவனம் 2022இல் தனித் தரநிலை ஒன்றையே வெளியிட்டது என்பதைப் பின்னர் நான் அவனுக்குக் கூறினேன். ஆயினும் அவனை நிறுத்தியது தரநிலை அன்று, அத்தாவின் தராசுதான்.

அதன்பிறகு, வேலை முடிந்து போகிறவரிடம், “உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்” என்று பணிவோடு கேட்கிறான். மெதுவாகவே வந்தன. ஒருவர், கண்ணாடியில் நீர்த்திட்டுகள் நின்றுவிட்டதாகக் குறை எழுதினார். அதை நீக்க முயலாமல், அதன் கீழேயே வருத்தம் தெரிவித்து, மறுமுறை வரும்போது கட்டணமின்றிச் சரிசெய்வதாக எழுதினான். அந்தப் பதிலைப் படித்துவிட்டே வந்ததாகப் பின்னர் ஒரு குடும்பத்தார் சொன்னார்கள்.

கடைக்கு வராதவருக்கும் பயன்

விலைப்பட்டியலோடு நின்றுவிடாமல், பயணிக்கு உதவும் சிறு குறிப்புகளையும் தங்கை எழுதி வருகிறாள். காரில் குழந்தை வாந்தி எடுத்தால் உடனே செய்ய வேண்டியது என்ன? திடப்பொருளை அட்டையால் வழித்தெடுத்து, துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, குளிர்ந்த நீரால் துடைத்து, ஆப்பசோடாவைத் தூவிச் சிறிது நேரம் கழித்து உறிஞ்சியெடுக்க வேண்டும்; வெந்நீர் கறையை இறுக்கிவிடும். மலை இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். பைன் மரப் பிசின் வண்டியில் ஒட்டினால் சுரண்டக் கூடாது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு இங்கே தடை உண்டு. இவற்றைப் படிப்பவரில் பலர் கடைக்கு வரமாட்டார்கள். வராவிட்டால் என்ன? வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர் குடித்தவரிடம் கணக்குக் கேட்பதில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்த கொடைக்கானல் ஏரியின் உபரி நீரே, இந்தச் சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேலே கலக்கும் சோப்பும் எண்ணெயும் கீழே உள்ளோரின் நீரில்தான் போய்ச் சேரும். ‘கழிவுநீரை ஓடையில் விடுவதில்லை’ என்று தளத்தில் எழுத மருமகன் விரும்பினான். எண்ணெயும் சேறும் தங்கும் தொட்டியைக் கட்டி முடித்த பிறகு எழுது என்றோம். இரண்டு மாதம் கழித்தே அந்த வரி ஏறியது. ஒரு நல்ல வலைத்தளம் கடையையும் திருத்திவிடும் என்பதை அன்று கண்டேன்.

வாசகர்களே, இத்தனைக்கும் பிறகு பணம் கொட்டுகிறது என்று சொன்னால் அதுவும் பொய் விளம்பரமாகிவிடும். மழைக்காலத்தில் கடை இப்போதும் மந்தந்தான். ஆனால் ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்ற அழைப்புகள் குறைந்து, ‘வந்துகொண்டிருக்கிறோம்’ என்ற அழைப்புகள் கூடியிருக்கின்றன. அடகிலிருந்த நகையில் ஒரு பகுதி மீண்டிருக்கிறது. துபாய்ப் பேச்சு முற்றிலும் ஓயவில்லை. எனினும் முன்போல நாள்தோறும் எழுவதில்லை. தங்கையிடம் வேறு இரண்டு கடைக்காரர்கள் தங்கள் தளங்களையும் திருத்தித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு, இல்லத்திலிருந்தபடியே செய்யத்தக்க கண்ணியமான தொழிலாகவும் இது அமையக்கூடும்.

டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகளாவிய வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று, அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கும் பெருமாள்மலைக் கடைக்கும் கைபேசித் திரையில் கிடைக்கும் அகலம் ஒன்றே. அந்த அகலத்தில் மெய்யான தகவலை வைப்பதா, வெறும் மினுக்கை வைப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதேனும் கடை நடத்துகிறாரா? இன்று மாலை அவருடைய வலைத்தளத்தை, முன்பின் அறியாத வழிப்போக்கரைப் போலத் திறந்து பாருங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறதா? கடையில் வாயால் சொல்வதும் திரையில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். பெரும் செலவு ஒன்றும் ஆகாது; சில மாலைப் பொழுதுகள் போதும்.